ஐந்நூற்றோராவது யூனிட்

அடுப்புக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு ஏறிவிட்டதென்பது எந்த வீட்டிலும் பேச்சாயிருக்கிறது. அதிகாரத்திலிருப்போர் இதற்குக் கூறும் மறுமொழி எப்பொழுதும் ஒன்றே: ஜனங்கள் சிக்கனமாயிருக்க வேண்டும். சிக்கனம் நல்ல குணந்தான். நாமும் அதை உபதேசித்ததுண்டு. ஆனால், உபதேசிக்கிறவர்கள், சிக்கனஞ் செய்கிறவனுக்கு நியாயமான பலன் கிடைக்கும்படி கட்டணத்தை அமைத்திருக்கிறார்களா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

சமையல் காஸ் விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுவோம். 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாய்க்கு விற்ற சிலிண்டர், 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசுக்கு வந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன; 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறிற்று. நாம் எரிக்கும் காஸில் பாதிக்கு மேற்பட்டது கடல் கடந்து வருவது. அதன் விலை அரபு நாட்டுச் சந்தையையும் டில்லி சர்க்காரின் சித்தத்தையும் பொறுத்தது. அங்கே நமது குரல் எட்டுவது அரிது. மின்சாரக் கட்டணமோ அப்படியன்று. அதை நிர்ணயிப்பது சென்னையிலேயே இருக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆகவே நாம் சொல்லவேண்டியதை அதைக் குறித்தே சொல்லுகிறோம்.

2014 டிசம்பருக்குப் பின் எட்டு வருஷகாலம் ஏறாதிருந்த கட்டணம் 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி ஏற்றப்பட்டது. மின்வாரியம் கடனில் மூழ்கியிருந்ததென்பதும், கட்டணத்தை என்றைக்கும் ஏற்றாமலே இருக்க முடியாதென்பதும் உண்மையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாரம் யார் தலையில் எவ்வளவு ஏறிற்றென்று பாருங்கள். இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் செலவிடும் வீடு அதுவரை 1,130 ரூபாய் கட்டிவந்தது. பின்பு 1,725 ரூபாய் கட்டிற்று. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட உயர்வு. 600 யூனிட் செலவிடும் வீட்டுக்கோ 2,440 ரூபாய் 2,750 ஆயிற்று. நூற்றுக்குப் பதின்மூன்றும் இல்லை. அளவாகச் செலவிட்டவன்மேலேயே அதிகச் சுமை விழுந்தது.

இதனினும் விசித்திரமானது ஐந்நூற்றோராவது யூனிட். 2022-ஆம் வருஷத்துக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இனாம். 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். இம்மட்டில் தோஷமில்லை. ஆனால் 500-ஐத் தாண்டியவுடனே, முன்பு 2 ரூபாய் 25 காசாயிருந்த இரண்டாவது நூறு யூனிட்டும் 4 ரூபாய் 50 காசாகிவிடுகிறது! அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் என்றால் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். உலகத்தில் இவ்வளவு கிராக்கியான மின்சாரம் வேறெங்கேனும் விற்கிறதா என்பது நமக்குச் சந்தேகம். 2024 ஜூலையில் கட்டணம் மேலும் நூற்றுக்கு 4.83 வீதம் ஏற்றப்பட்ட போதும் இந்தப் படி அப்படியே விடப்பட்டது.

கணக்கெடுப்பவர் அறுபதாம் நாள் தவறாமல் வருவாராயின் இதையும் ஒருவாறு சகிக்கலாம். நாளொன்றுக்கு 8 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது நாளில் 480 யூனிட்; 2022-ஆம் வருஷத்துக் கட்டணப்படி பில் 1,605 ரூபாய். கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதித்து வந்தால் 512 யூனிட். பில் 2,046 ரூபாய். அடுத்த முறை தவறாமல் வந்தாரென்றால் ஐம்பத்தாறு நாளுக்கு 448 யூனிட், 1,413 ரூபாய். ஆக நான்கு மாதத்திற்கு 3,459 ரூபாய். அவர் இருமுறையும் காலத்தில் வந்திருந்தால் 3,210 ரூபாயே ஆகியிருக்கும். மிகுந்த 249 ரூபாய் எதற்காக? வாரியத்தாரின் காலதாமதத்திற்குக் குடித்தனக்காரர் கட்டிய அபராதம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. தவறு ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு என்னும் கொள்கையை நாம் படித்த சட்ட புஸ்தகங்களில் கண்டதில்லை.

அதிகமாகச் செலவிடுகிறவர்களுக்கு ஜனங்களின் பொதுப்பணத்திலிருந்து சலுகை ஏன் தரவேண்டுமென்று சர்க்கார் தரப்பில் கேட்கப்படலாம். நியாயமான கேள்வியே. ஆனால் 2022-ஆம் வருஷத்துக் கட்டணப்படி திரும்பப் பெறவேண்டிய சலுகை மொத்தம் 225 ரூபாய். 501-வது யூனிட்டிலிருந்து யூனிட்டுக்கு ஒவ்வொரு ரூபாயாகக் கூட்டி வசூலித்தால் 725-வது யூனிட்டில் அது முழுதும் வந்து சேர்ந்துவிடும். ஒரே யூனிட்டில் பிடுங்கவேண்டிய அவசியம் யாது? கணக்கெடுக்கும் நாட்களுக்குத் தக்கவாறு எல்லையையும் நகர்த்தலாம். அறுபது நாளுக்கு 500 என்றால் அறுபத்துநான்கு நாளுக்கு 533. இதற்குப் பெரிய நிபுணர் கமிட்டி வேண்டியதில்லை.

இப்படி அமைந்த கட்டணத்தில், வீட்டிலுள்ளோர் சிக்கனத்தை எங்கே பிரயோகிப்பதென்று அறிந்து செய்தல் வேண்டும். பழைய மாதிரி மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. என்னும் புதுமாதிரி விசிறி சுமார் 30 வாட். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். 2022-ஆம் வருஷத்துக் கட்டணப்படி, 530 யூனிட் செலவிட்ட வீடு 498-க்கு இறங்கினால் 2,190 ரூபாய்ப் பில் 1,713 ஆகும். ஆனால் 600 யூனிட்டிலிருந்து அதே 32 யூனிட்டைக் குறைத்தவருக்கு 256 ரூபாய்தான் மிஞ்சும். கூரையில் சூரிய மின்தகடு அமைக்க 2024 பிப்ரவரியில் டில்லி சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தில் 78,000 ரூபாய் வரை உதவி உண்டு. சொந்தக் கூரை உள்ளவர்கள் அதை நழுவவிடலாகாது. கூரையில்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள் என் செய்வர்? வீட்டுக்காரர்களில் பலர் தனி மீட்டர் வைத்து ஒரே விலையாக வசூலிப்பதால், 2016 முதல் வீடுகளுக்கு வழங்கப்படும் இனாம் நூறு யூனிட் கூட அவர்களை எட்டுவதில்லை. இது தனியே விரிவாக எழுதவேண்டிய விஷயம். விசிறியை நிறுத்தும்படி ஆக்ஞாபிக்கும் நம்மவர்கள், அந்நேரம் அடுப்பங்கரை வெக்கையில் நிற்பது யாரென்பதையும் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக.

உப்பின்மேல் விதித்த வரியை எதிர்த்து 1930-இல் வேதாரணியம் வரை நடந்த தேசம் இது. நடக்கவேண்டிய தூரம் இப்பொழுது அவ்வளவில்லை. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி, கட்டண மனுவைப் பிரசுரித்து, பொதுஜனங்களின் யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் ஆலோசித்த பிறகே ஆணையம் உத்தரவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஆணையம் பொதுஜன விசாரணை நடத்திற்று. விலை ஏறும்போதெல்லாம் சிலிண்டருக்கு மாலை போட்டு வீதியில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளும் நமது கட்சித் தொண்டர்களில் எத்தனை பேர் அங்கே பில்லும் கணக்குமாக வந்து நின்றார்கள்? எதிர்க்கட்சியாயிருக்கும்போது மாலை போட்டவர்களே, ஆட்சிக்கு வந்தபின் சிக்கனத்தை உபதேசிப்பதையும் நாம் கண்டதுண்டு.

2022-இல் செய்த ஏற்பாடு, விலைவாசி ஏறும் வீதம் அல்லது நூற்றுக்கு ஆறு, இரண்டில் எது குறைவோ அவ்வளவு வருஷந்தோறும் ஜூலையில் கட்டணத்தை ஏற்றுவதற்கு இடந்தந்து, 2026-27 வரை செல்வது. அதற்கடுத்த ஏற்பாட்டிற்கு வாரியத்தார் மனுப் போடும்போது, ஐந்நூற்றோராவது யூனிட்டைக் குறித்தும் கணக்கெடுக்கும் தாமதத்தைக் குறித்தும் ஆட்சேபணைகள் ஒவ்வொரு ஜில்லாவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் சென்று சேரவேண்டும். அதற்குச் சாட்சியம் அவசியம். ஆகவே நமது வாசகர்கள், கடைசி இரண்டு முறை கணக்கெடுத்த தேதிகளை அட்டையிலோ பில்லிலோ பார்த்து, இடைப்பட்ட நாட்களை எண்ணி, அறுபதுக்கு மேற்பட்டிருந்தால் யூனிட்டையும் தொகையையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.