கோபம் குழந்தை மீதா?

வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு. 2020ல் கொரோனா பரவியபோது இந்த இரண்டு சுமைகளும் ஒரே நாளில் தலைமேல் இறங்கின. மார்ச் 25ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்ததோ 2021 நவம்பர் 1ந் தேதி! ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீடே ஆபீசாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

அந்த வீடுகளில் என்ன நடந்தது?

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தாய். காதில் மேலதிகாரியின் குரல். அடுப்பில் பால். பக்கத்தில் மகன், "அம்மா, டீச்சர் பேசறது கேக்கலே" என்று கையை இழுக்கிறான். மூன்றாவது முறை இழுக்கும்போது முதுகில் ஓர் அடி விழுகிறது. இரவில், தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவி அவள் அழுகிறாள்.

"அது மாதச் சம்பளக்காரர் கதை; நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள், தோழர்களே! திருநெல்வேலிச் சீமையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு வீட்டு வேலை தலைமுறைப் பழக்கம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளையின் பக்கம் திரும்பினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். மில் தொழிலாளி வீட்டிலோ போன் ஒன்றுதான். அப்பன் ஷிப்டுக்குப் போனால் மகளின் பாடமும் அவன் சட்டைப் பையில் போய்விடும். வீடுகள் வேறு; தவிப்பு ஒன்றே.

இதற்குச் சிலர் உபதேசம் செய்தார்கள். பொறுமை பழகு, மூச்சை இழுத்து விடு, பத்து வரை எண்ணு என்றார்கள். இவை கெட்ட யோசனைகள் அல்ல. ஓங்கிய கை இறங்குவதற்குள் பத்து எண்ணினால் ஒரு குழந்தை அடியிலிருந்து தப்பும். ஆனால் சுமை குறையுமா?

மில் தொழிலாளிக்கு இது தெரியும். ஸ்பின்னிங்கில் ஓர் ஆள் பார்க்கவேண்டிய சைடுகளை இரட்டிப்பாக்கினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். குற்றம் தொழிலாளியின் கையிலா? சுமையை ஏற்றியவரிடமா? அந்தத் தாயின் பொறுமையும் அப்படித்தான் அறுந்தது. இரண்டு ஆள் வேலை, ஒரே நேரத்தில், ஓர் உடல் மேல்! போதாக்குறைக்கு ஆபீஸ் இடமும் கரண்டும் தொழிலாளி வீட்டுக் கணக்கில்.

இதைச் சட்டத்தால் மாற்ற முடியாதா? முடியும். வீட்டில் பீடி சுற்றுவோரும் தொழிலாளரே என்று நம் நாட்டுச் சட்டம் 1966லேயே ஏற்றது. 1996ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளருக்காக 177வது உடன்படிக்கையை நிறைவேற்றியது; இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. போர்ச்சுகலில் 2021ல் வந்த சட்டம், வேலை நேரம் முடிந்தபின் தொழிலாளியைத் தொடர்புகொள்ள முதலாளிக்குத் தடை விதித்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஏறும் செலவையும் அவர் தலையில் வைத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்று பள்ளிகள் திறந்திருக்கின்றன. ஆனால் போனில் வீட்டுப்பாடமும் வருகிறது, மேலதிகாரியின் உத்தரவும் வருகிறது. ஆகவே, வீட்டு வேலைக்கும் நேர வரம்பு வேண்டும். அதன் செலவை முதலாளி ஏற்க வேண்டும். இனி எந்த ஆபத்தில் பள்ளி மூடினாலும், சிறு பிள்ளை உள்ளவருக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். சங்கங்கள் இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆண் தோழர்களே, அடுப்பும் பாடமும் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. பாதியை நீங்கள் எடுங்கள். தெருப் பிள்ளைகளை மாலையில் ஒரு திண்ணையில் கூட்டிவைத்துப் படிக்கச் செய்யுங்கள். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் செய்தது இதைத்தான்.

கை மீறி அடித்துவிட்டால், மறுநாள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "தப்பு உன்மேல் இல்லை, கண்ணு." அதைச் சொல்வதால் தாய் தகப்பனின் மதிப்பு குறையாது.

கோபம் நியாயமானதே. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் எட்டு வயதுப் பிள்ளையின் முதுகு அல்ல. சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கே அது கோரிக்கையாகும்.