அழுத்தினால் மறையும் காந்தம்

கடையத்திலிருந்து மலையடிவாரத்தைப் பிடித்து தென்காசி, கடையநல்லூர், ராஜபாளையம் என்று வடக்கே போனால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் வத்திராயிருப்பு வரும். 1898-இல் இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர். அன்று அது திருநெல்வேலி ஜில்லா. ராமன் விளைவைப் பேசும்போது அவர் பெயரையும் சொல்கிறோம். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் காந்தவியலுக்குக் கொடுத்த ஆண்டுகளைச் சொல்வதில்லை. அது பெரிய குறை.

மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் ஒன்றைக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போக, ஒரு கோணத்தில் படிகம் சட்டென்று திரும்பிக்கொள்ளும். அந்தக் கோணத்தை வைத்தே, திசைக்குத் திசை அதன் காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார்.

காந்தத்தன்மை திசையோடு மட்டும் மாறுவதில்லை. இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் காந்தம் போய்விடும். வெப்பத்தை அறவே விலக்கிவிட்டு, அழுத்தத்தால் மட்டும் அதைப் போக்கினால்? சிர்க்கோனியமும் துத்தநாகமும் தனித்தனியே காந்தமாகாதவை. இரண்டும் சேர்ந்த ஒரு சேர்மம் கடுங்குளிரில், சுமார் மைனஸ் 245 டிகிரியில், காந்தமாகிறது என்று 1958-இல் மத்தியாஸும் போஸார்த்தும் கண்டார்கள். அதை அழுத்தினால் அணுக்கள் நெருங்கும், எலெக்ட்ரான்கள் அணு விட்டு அணு தாவுவது எளிதாகும், அவற்றின் சுழற்சிகள் ஒரே திசையில் நிற்பதில் ஆற்றல் லாபம் குறையும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 16,000 மடங்கைத் தாண்டினால் காந்தம் இல்லை. அந்தக் குளிரில் உலுக்குவதற்கு வெப்பம் கிடையாது. மாற்றத்தை நடத்துவது குவாண்டம் அலைவு.

உலோகக் காந்தங்களின் சுழற்சி அலைவுகளுக்கு 1970-களில் கோட்பாடு எழுதியவர்களில் சென்னையில் பிறந்த டி.வி.ராமகிருஷ்ணன் ஒருவர். 1976-இல் ஹெர்ட்ஸ் போட்ட கணக்குப்படி காந்தம் படிப்படியாகத் தேய்ந்து மறைய வேண்டும். தூய உலோகத்தில் அது திடீரென்றுதான் அறுபடும் என்று 1999-இல் பெலிட்ஸ், கிர்க்பாட்ரிக், வோய்ட்டா மறுத்தார்கள். தூய படிகங்களில் எடுத்த அளவீடுகள் இவர்கள் பக்கம் நின்றன.

2000-இல் இன்னொரு வியப்பு. யுரேனியம், ஜெர்மேனியம் சேர்மம் ஒன்றை அழுத்தியபோது, காந்தம் மறைவதற்கு முன்பே மீக்கடத்துத்திறன், அதாவது மின்தடையே இல்லாத நிலை, தோன்றியது. ஒன்றையொன்று அழிக்கும் என்று கருதப்பட்ட இரண்டும் ஒரே உலோகத்தில் கூடியிருந்தன. மறு ஆண்டே சிர்க்கோனியம், துத்தநாகச் சேர்மத்திலும் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். 2005-இல் உண்மை தெரிந்தது: மின்பொறியால் படிகத்தை வெட்டியபோது மேற்பரப்பில் உண்டான மெல்லிய படலத்தின் வேலை அது. அமிலத்தில் மேற்பரப்பை அரித்ததும் மீக்கடத்துத்திறன் காணாமல் போயிற்று.

இந்தத் துறையில் கோட்பாடு எவ்வளவு உயரப் போனாலும், தீர்ப்பு சொல்வது படிகம் வளர்த்து வெட்டிய கைதான். அப்படிப்பட்ட கை நமக்கு இருந்தது. ராமனிடம் பயின்ற ஏ.ஜெயராமன், 1970-இல் பெல் ஆய்வகத்தில் கருப்பான சமாரியம் சல்பைடை அழுத்தி, அது பொன்னிறமாகி உலோகமாவதைக் கண்டார். இன்று திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆய்வு மையம் இயங்குகிறது. கிருஷ்ணன் பிறந்த இந்த மலையடிவாரத்துக் கல்லூரிகளிலும் ஒரு படிக உலையும், அதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள நிரந்தரப் பணியில் ஒரு தொழில்நுட்பரும் வேண்டும். கட்டடத்துக்குமுன் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.