மார்பினும் மலச்சிக்கலும்

புற்றுநோயின் கொடிய வேதனையைத் தணிக்க மார்பினைப் போன்றதோர் ஔஷதம் அரிது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்காரே ஆலை வைத்து அபினியைப் பக்குவம் செய்யும் தேசத்தில், அம்மருந்து நோயாளிக்கு எளிதில் கிட்டாதிருந்தது பெரிய வெட்கக்கேடு. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடியை 2014-இல் திருத்தித் தளர்த்தினார்கள், நல்லதே.

ஆனால் மருந்து கைக்கு வந்தால் மட்டும் போதுமா? மார்பின் குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது. தேங்கிய மலத்தின் ஈரம் உறிஞ்சப்பட்டு அது இறுகிவிடுகிறது. தூர்ந்த வாய்க்காலைக் கண்ட தஞ்சை விவசாயிக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குமட்டல் பெரும்பாலும் சில தினங்களில் அடங்கும். மலச்சிக்கலோ மருந்து உள்ளளவும் தொடரக்கூடியது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமவாசி ஒருவர் வயிற்றுக் கஷ்டம் பொறாமல் மாத்திரையை நிறுத்தி, மறுபடியும் நோவில் துடிப்பாரானால் குற்றம் யாருடையது? முதல் நாளே மலமிளக்கி சேர்த்துக் கொடாதவர்களுடையதே என்போம்.

அதற்கு விலையுயர்ந்த அந்நியச் சரக்கு வேண்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் நிலவாகையைப் பல தேசத்தாரும் மலமிளக்கியாக வாங்கி வந்திருக்கிறார்கள். வெறும் இசப்கோல் உமி இங்கு உதவாது. தண்ணீர் குறைந்தால் கெடுதலும் செய்யும். வயிறு உப்பி வாந்தியும் கண்டாலோ, வீட்டில் விளக்கெண்ணெய் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களின் வைத்தியர்களை நாம் கேட்பது இதுதான்: மார்பின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியையும் எழுதுங்கள், அதை உட்கொள்ளும் விதத்தை நோயாளியின் வீட்டாருக்கு நல்ல தமிழில் சொல்லி அனுப்புங்கள்.