கணினி போட்டதா, அவன் போட்டதா?

சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக் கலைவிழாவில் இசையமைப்புப் போட்டிக்கு மூன்று நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். மாணவன் ஒருவன் சோனிக் பை என்னும் கட்டற்ற மென்பொருளில் தான் எழுதிய நிரலைத் திரையில் காட்டியபடியே நான்கு நிமிட இசையொன்றை ஒலிக்கச் செய்தான். "இது கணினி போட்டது, இவன் போட்டதல்ல" என்று மற்ற இருவரும் அவனைப் போட்டியிலிருந்து நீக்கினர். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கான பிராயச்சித்தமே இக்கட்டுரை.

கணினி இசை என்றதும் நம் இலக்கிய நண்பர்கள் இரு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகின்றனர். நான்கு சொற்களைத் தட்டியதும் முழுப்பாட்டைத் தந்துவிடும் வணிகச் சேவை ஒன்று. அது எந்த விதியால் அந்தச் சுரத்தை அடைந்தது என்பதைத் தட்டியவன் அறியான், அறியவும் வழியில்லை. மற்றது, இசையமைப்பவன் விதிகளைத் தானே எழுதும் கருவி. முன்னதன்மேல் எழும் நியாயமான சினத்தைப் பின்னதன்மேல் கொட்டுவது அறியாமை.

இது நேற்று முளைத்ததும் அன்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லியோனார்ட் ஐசக்சனும் 1956-57இல் 'இல்லியாக் சூட்' என்னும் நால்வர் நரம்பிசைப் படைப்பை உருவாக்கினர். கணினி எண்களைக் குலுக்கிப் போடும், எதிரிசை இலக்கணத்துக்கு ஒவ்வாதவை தள்ளப்படும், எஞ்சியவை சுரமாகும். இயானிஸ் செனாகிஸ் ஒருபடி மேலே சென்றார். 1962இல் ஐபிஎம் 7090 கணினியின் துணையோடு இசை இயற்றியவர், அதற்கு எழுதிய ஃபோர்ட்ரான் நிரலைப் பின்னர்த் தம் நூலிலேயே அச்சிட்டார். அந்த மரபின் தொடர்ச்சியே இன்றைய கட்டற்ற மென்பொருள்கள். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர் 2002இல் கட்டற்றதாயிற்று. சாம் ஆரன் பள்ளிப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு தொடங்கிய சோனிக் பை, அதன்மேல்தான் ஒலிக்கிறது.

"தற்செயலாக விழும் சுரத்தில் படைப்பாளிக்கு என்ன வேலை?" என்பது நடுவர்களின் வாதம். சோனிக் பையில் 'தற்செயல்' எனப்படுவதும் கணக்கே. விதையெண் ஒன்றைக் கொடுத்தால் அதே நிரல் எத்தனை முறை இயங்கினாலும் அதே இசையைத்தான் தரும். எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டு, வேண்டாதவற்றைக் கழித்து, ஒன்றில் நிற்பவன் மனிதன். கழிக்கத் தெரிவது கலையில்லையென்றால் வேறெது கலை?

வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். இவ்விதியைப் புலவன் ஆக்கவில்லை. ஆயினும் வெண்பாவை யாப்பு எழுதியது என்று எவரும் சொல்வதில்லை. நிரலால் பிறந்த இசையில் பெரும்பகுதி உயிரற்றது என்பீர்கள். உண்மை. தளை தட்டாத வெண்பாக்களில் எத்தனைக்கு உயிருண்டு? அதற்காக யாரும் யாப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. நம் இலக்கணம் எவர் வீட்டுச் சொத்தும் அன்று. கற்கலாம், உரை எழுதலாம், மீறலாம். கட்டற்ற மென்பொருள் கேட்பதும் அந்த உரிமையைத்தான்.

ஆகவே நடுவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "விதியை எழுதியவன் யார்? அதை எங்களுக்குக் காட்டுவானா?" என்பதே. அந்த மாணவன் கேட்காமலே காட்டினான். அறுபது வரி நிரல் நான்கு நிமிடமும் எங்கள் கண்முன் திரையில் இருந்தது. எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட நானும் அதைப் படிக்கவில்லை.