சனிக்கிழமைக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

‘கான்ட்ராக்டர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணிலே தோன்றுகின்ற உருவம் எது? வெள்ளை வேட்டி, விரலிலே மோதிரம், சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டுகின்ற கை! திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த பாடம் இது. பாலமும் நெடுஞ்சாலையும் ஒப்பந்தம் எடுக்கும் பெரியவர்களை விட்டுவிடுவோம். நான் எழுத வந்தது, ஊருக்கு ஊர் நம் போன்றோருக்கு வீடு கட்டித் தரும் சிறிய ஒப்பந்தக்காரரைப் பற்றி. ‘மேஸ்திரி’ என்று ஊரார் அழைக்கும் அவர்களுள் என் தந்தையும் ஒருவர்.

சுவர் எழுப்புவதுதான் அவர் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். கொத்தனாராக இருந்தவரை அது உண்மை. ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கிய பிறகோ கரண்டி பிடிக்கும் நேரம் குறைவு, ஆள் பிடிக்கும் நேரமே மிகுதி. கொத்தனார் வந்தால் சித்தாள் வருவதில்லை. இருவரும் வந்தால் எம்-சாண்ட் லாரி வருவதில்லை. கம்பி கட்டி முடிக்காமல் தளம் போட முடியாது. கம்பி கட்டியபின் எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் செல்லும் குழாயைப் பதித்தாக வேண்டும். அவரோ அன்றைக்கென்று வேறோர் ஊரில் இருப்பார். இத்தனை பேரையும் ஒரே விடியற்காலையில் ஓரிடத்திலே கூட்டுவதென்பது, முகூர்த்த நாளன்று நாதசுரக்காரரைத் தேடி அலைவதற்கு ஒப்பானது.

தளம் போட்டாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை நண்பர்களே! வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஈரம் வற்றினால் வினையும் நின்றுபோகும், வலிமையும் குன்றும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. வெயிலும் வறட்சியுமானால் 10 நாள். இன்று வீடுகளுக்குப் பெரிதும் வாங்கப்படும் உலைச்சாம்பல் கலந்த சிமெண்டானால், அதே வெயிலில் 14 நாள். என் தந்தை அந்த விதியைப் படித்தவரல்லர். ஆனால் தளத்தின்மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். ஞாயிறானாலும் பொங்கலானாலும் சைக்கிளில் போய் ஊற்றிவிட்டு வருவார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் இந்தத் தண்ணீருக்கு என்று ஒரு பைசா உண்டா? கிடையாது.

எல்லாவற்றினும் கொடியது சனிக்கிழமை. வீட்டுக்காரர் பணம் தருவது படிப்படியாக: அஸ்திவாரம் முடிந்தால் கொஞ்சம், லிண்டல் மட்டம் வந்தால் கொஞ்சம், தளத்துக்குக் கொஞ்சம், பூச்சுக்குக் கொஞ்சம். கூலியாட்களுக்கோ வாரந்தோறும் சனிக்கிழமை மாலை கையிலே காசு வேண்டும். மழை பெய்து லிண்டல் தள்ளிப்போகலாம், சனிக்கிழமை தள்ளிப்போகுமா? அடுத்த வீட்டுக்கு வாங்கிய முன்பணம் இந்த வீட்டின் கூலியாகிறது. அதுவும் போதாதபோது என் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவர் வேலைக்குப் போடுவது ஏமாற்று வேலை என்று ஏசுகிறவர்கள் உண்டு. ஆபத்தான வழக்கம்தான், மறுக்கவில்லை. அதற்குக் காரணம் தாமதமாக வரும் தவணை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டிலே கடைசித் தவணை வரவேயில்லை. சன்ஷேடும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் சதுர அடியிலே சேருமா சேராதா என்பதுதான் வழக்கு. பேச்செல்லாம் வாய்ப்பேச்சு. யார் சொன்னதை யார் நிரூபிப்பது?

எனவேதான், எவ்வளவு சிறிய வேலையானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். எது அளவில் சேரும், எது சேராது, எந்த வாரம் எவ்வளவு பணம், தண்ணீர் ஊற்றும் கூலி யாருடையது – ஒரு முழுத்தாள் போதும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் தாளை இப்போது நான்தான் எழுதுகிறேன். “என்மேல் நம்பிக்கை இல்லையா மேஸ்திரி?” என்று சிலர் முகம் கோணுகிறார்கள். உடனே அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார். அந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. படித்து வேலைக்குப் போய் நாளை வீடு கட்டப்போகும் நீங்களாவது, மேஸ்திரி கேட்கும் முன்பே தாளை நீட்டுங்கள்.

இன்னொரு சண்டையும் உண்டு. ஒரே சாரத்தில் ஒரே கலவையைச் சுமக்கும் பெரியாளுக்கு ஒரு கூலி, பெண் என்பதால் சித்தாளுக்குக் குறைந்த கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. “ஊர் வழக்கம்டா தம்பி, சதுர அடி ரேட்டை ஏத்திக் குடுக்கச் சொல்லு, நானும் குடுக்கறேன்” என்கிறார் அப்பா. அடுத்த வீட்டுக்கான தாளில் பெரியாள், சித்தாள் இருவருக்கும் ஒரே கூலி என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அப்பா அதைப் படித்துவிட்டார். இன்னும் அடிக்கவில்லை.