தெரிந்தே வரும் புகை!

செப்டம்பர் இறுதிவாக்கில் தென்மேற்குப் பருவமழை தில்லியிலிருந்து விடைபெறுகிறது. அதற்குப் பின் வரும் சில வாரங்கள்தான் வட இந்தியாவில் ஆண்டிலேயே இதமான நாள்கள் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டன. வெயிலின் கடுமை தணிந்து, வானம் தெளிந்து, பண்டிகைகள் வரிசையாக வரும் பருவம் அது. இன்றோ, அடுத்த வார வானிலையைப் பற்றிக் கவலைப்படும் தலைநகர்வாசிகள் மழையையோ குளிரையோ எண்ணிக் கவலைப்படுவதில்லை. காற்று வீசுமா, வீசாதா என்பதே அவர்களது கேள்வி.

அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை கிடைக்கிறது என்பதுதான் வேதனை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த இரு வாரங்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, காற்றின் தரம் குறித்த முன்னெச்சரிக்கை அமைப்பு 2018 அக்டோபரில் தில்லிக்காகத் தொடங்கப்பட்டது. காற்றின் வேகம், திசை, தரையிலிருந்து எந்த உயரம் வரை காற்று கலக்கும் என்பவற்றைக் கணித்து, மாசு கலையுமா, தேங்குமா என்று சொல்லிவிட முடிகிறது.

அக்டோபர் பிற்பகுதியில் இரவில் தரை விரைந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல அமர்ந்துகொள்கிறது. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் நெல் தாளின் புகையை வடமேற்குக் காற்று சுமந்து வருகிறது. வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் அத்துடன் சேர்கின்றன. இவற்றில் எதுவும் எதிர்பாராமல் நிகழ்வதல்ல.

2017-இல் அறிவிக்கப்பட்ட படிப்படியான செயல்திட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. காற்றின் தரக் குறியீடு எல்லையைத் தாண்டும் வரை காத்திராமல், முன்னறிவிப்பின் அடிப்படையில் 3 நாள்கள் முன்னதாகவே கட்டுப்பாடுகளை விதிக்க அது வழிசெய்தது. விதி மாறியது, வழக்கம் மாறவில்லை. 2024 நவம்பர் 18 அன்று தில்லியில் குறியீடு 494-ஐத் தொட்டது. நான்காம் கட்டக் கட்டுப்பாடுகள் அன்று காலையில்தான் அமலுக்கு வந்தன. ஏன் இந்தத் தாமதம் என்று உச்ச நீதிமன்றம் அன்றே கேள்வி எழுப்பியது.

கணிப்பு சில நேரங்களில் பொய்க்கக்கூடும். பணிகளை நிறுத்திய பின் காற்று வீசிவிட்டால் ஏற்படும் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற அதிகாரிகளின் தயக்கத்தை முற்றிலுமாகப் புறந்தள்ள முடியாது. ஆனால், 1999-இல் சுமார் 10,000 உயிர்களைப் புயலுக்குப் பறிகொடுத்த ஒடிசா, 2013-இல் பைலின் புயல் கரையைக் கடக்கும் முன்பே ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பியது. கடல்நீர் வாசலைத் தொடட்டும் என்று அங்கே எவரும் காத்திருக்கவில்லை. புயலுக்குத் தரும் மதிப்பைப் புகைக்கும் தரவேண்டாமா?

கட்டுமானப் பணிகள் ஒரே இரவில் நிறுத்தப்படும்போது அடுப்பு அணைவது தினக்கூலித் தொழிலாளியின் வீட்டில்தான். அவர்களுக்கு நல வரி நிதியிலிருந்து உதவித்தொகை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. ஒரு வாரம் முன்னதாகவே முடிவெடுத்தால், வேலை நிற்கும் நாளிலேயே அந்தத் தொகை கைக்குக் கிடைக்கச் செய்யலாம். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே விவசாயிக்குக் கிடைப்பதோ சில வாரங்களே. காற்று தேங்கவிருக்கும் வாரம் எது என்று தெரிந்தால், தாளை அகற்றும் இயந்திரங்களை அந்த நாள்களில் தேவையான ஊர்களுக்கு முன்னுரிமை தந்து அனுப்பலாம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆயத்தமாகலாம்.

முன்னறிவிப்பு மட்டுமே மாசைக் குறைத்துவிடாது. ஆண்டு முழுவதும் வெளியேறும் புகையைக் கட்டுப்படுத்துவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை, வரப்போவது தெரிந்திருந்தும் கைகட்டி நின்றோம் என்ற பழியையாவது ஆட்சியாளர்கள் தவிர்க்க வேண்டும். வியாழக்கிழமை வெளியாகும் அறிவிப்பின் மீது வெள்ளிக்கிழமையே முடிவெடுக்கப்பட வேண்டும். குழந்தைகளுக்கு மூச்சுத் திணறிய பிறகு கூட்டப்படும் அவசரக் கூட்டங்களால் எவருக்கும் பயனில்லை!