பண்பலையில் தொடரும் தண்டோரா

2022 ஆகஸ்டில், தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றது அந்தக் கடிதம். மிகத் தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

தண்டோராவின் இழிவு பறையில் இல்லை. பறை நம் கலை, நம் பெருமை. அதை அடித்தவருக்குத் தன் செய்தியைச் சொல்லும் உரிமை இல்லாமல் இருந்ததே இழிவு. ஏரி ஏலம், ஊர்க்கூட்டம், சாவுச் சேதி, வரி கட்டச் சொல்லும் உத்தரவு எல்லாவற்றையும் தெருத்தெருவாகப் போய் அவர்தான் சொல்லவேண்டும். ஆனால் சேரியில் குடிசை எரிந்ததையோ, கூலி கேட்டவர் அடிபட்டதையோ அதே பறையை அடித்து ஊர்த் தெருவில் அவர் சொல்லிவிட முடியாது. தொண்டை நம்முடையது, செய்தி அவர்களுடையது.

அந்த உறவு ஒழிந்துவிட்டதா? ஒன்றிய அரசின் வானொலி விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒழியவில்லை என்பது தெரியும்.

இந்தியாவில் தனியார் பண்பலை வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. மக்கள் அமைப்புகளும் கல்லூரிகளும் நடத்தும் சமுதாய வானொலியும் கூடாது. வேண்டுமானால் அரசின் ஆகாசவாணி தயாரித்த செய்தியை ஒலிபரப்பிக்கொள்ளலாம். சமுதாய வானொலிக்கான 2006ஆம் ஆண்டுக் கொள்கை செய்தியோடு நடப்பு விவகாரங்களையும் அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சிகளையும் சேர்த்தே தடுத்தது. பாட்டுப் போடலாம், சமையல் குறிப்பு சொல்லலாம், உழவு பற்றிப் பேசலாம். நேற்று நம் ஊரில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. பிறர் தயாரித்த செய்தியைப் பிறர் சொன்னபடி அறிவிப்பதற்குப் பெயர் வேறென்ன? தண்டோராதான்.

இந்தத் தடை நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு வேங்கைவயலையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அந்த ஊருக்குக் கேட்கும்படி ஒரு பண்பலை நிலையம் இருந்திருந்தால் அது எதைச் சொல்லியிருக்கலாம்? தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்டக் கொள்கையில் 'செய்தி அல்லாதவை' என்று ஒரு பட்டியல் உண்டு. போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு மின்சாரம், குடிநீர், சுகாதார எச்சரிக்கை போன்ற அறிவிப்புகளும் அதில் வரும். ஆனால் இந்த அறிவிப்புகள் உள்ளூர் நிர்வாகம் தந்தவையாக இருக்க வேண்டும். ஆகவே, 'நாளை தொட்டி கழுவப்படும், தண்ணீர் வராது' என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் வாசிக்கலாம். 'தொட்டியில் மலம் கலந்திருக்கிறார்கள், குழந்தைகள் நோயில் விழுந்திருக்கிறார்கள், இன்னும் யாரும் கைதாகவில்லை' என்று சொன்னால் அது செய்தி. விதிமீறல்.

சாதிக் கொடுமை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தேநீர்க் கடையில், கோயில் வாசலில், சுடுகாட்டுப் பாதையில், பள்ளிக்கூடத்தில், பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடந்து அங்கேயே அமுக்கப்படுகிறது. 100 வாட் சக்தியுள்ள ஒரு சமுதாய வானொலியின் ஒலி எட்டும் தூரமும் ஏறக்குறைய அதுதான். எந்த வட்டத்துக்குள் கொடுமை மறைக்கப்படுகிறதோ அந்த வட்டத்துக்குள் பேசக்கூடிய ஊடகத்தின் வாயைத்தான் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

பெரிய ஊடகங்கள் சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாளிதழ், தொலைக்காட்சி, இணையம், இதழ் ஆகியவற்றின் 121 தலைமைப் பொறுப்புகளை எடுத்து ஆராய்ந்தது. 106 இடங்களில் உயர்சாதி என்று சொல்லிக்கொள்வோர் இருந்தார்கள். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. பிணம் விழுந்தால்தான் இவர்களுடைய வண்டி சேரிக்கு வரும். மூன்றாம் நாள் திரும்பிவிடும்.

நம் முன்னோர் இதை நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்று சொல்லியும் திலகரின் 'கேசரி' அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. அச்சுக்கூடம் வைக்க அவர்களுக்குப் பணம்தான் தடையாக இருந்தது, உள்ளூர்ச் செய்தியை அச்சிடவே கூடாது என்ற விதி இல்லை. வானொலியில் பணமும் தடை, விதியும் தடை.

தலித் மக்களால் வானொலி நடத்த முடியுமா என்ற ஐயம் யாருக்கேனும் இருந்தால் தெலங்கானாவைப் பார்க்கட்டும். ஜகீராபாத் பகுதியில் டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் யுனெஸ்கோ உதவியோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். ஒலிபரப்ப உரிமம் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களுக்குத் தூக்கிப்போய்ப் போட்டுக் காட்டினார்கள். 2008 அக்டோபரில்தான் 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. விதை, மழை, மருந்து, பாட்டு என்று தங்கள் பேச்சுத் தெலுங்கில் பேசுகிறார்கள். கருவியும் திறமையும் கேட்போரும் இருக்கிறார்கள். தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே சொல்லும் உரிமைதான் இல்லை.

இத்தனைக்கும் அலைவரிசை அரசின் தனிச்சொத்து அல்ல. 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பலன் யாருக்குப் போனது? நூற்றுக்கணக்கான தனியார் செய்தித் தொலைக்காட்சிகள் 24 மணி நேரமும் கத்துகின்றன. மதவெறியையும் சாதித் திமிரையும் நாடு முழுக்கப் பரப்பும் விவாதங்களுக்கு உரிமம் உண்டு. பத்துக் கிலோமீட்டர் எட்டும் வானொலி செய்தி சொன்னால் மட்டும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாம்! 2005இல் நேபாள மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டதும் செய்த வேலைகளில் ஒன்று பண்பலையில் செய்தியைத் தடுத்தது. அங்கே மன்னராட்சியே போய்விட்டது, உள்ளூர் வானொலிகள் செய்தி வாசிக்கின்றன. குடியரசாகிய இந்தியாவில் தடை நீடிக்கிறது.

இப்போது அரசு செய்யும் மாற்றங்கள் எந்தத் திசையில் போகின்றன? 2024 பிப்ரவரியில் சமுதாய வானொலியின் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது, பத்து நொடிக்கான கட்டணம் 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. அதே ஆண்டு ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடிப்படை விலை மட்டும் 784.87 கோடி ரூபாய். தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்று காரணம் சொன்னார்கள். உள்ளூர்ச் செய்தி இல்லாமல் என்ன உள்ளூர் நிகழ்ச்சி? 2023 செப்டம்பரில் டிராய், மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது தனியார் பண்பலைக்கான பரிந்துரை. கோடிகள் கொடுத்து ஏலம் எடுப்பவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, சங்கம் கட்டிப் பேசுகிற மக்களை வாசலிலேயே நிறுத்துவதை நாம் ஏற்க முடியாது.

செய்தியை அனுமதித்தால் ஆதிக்கச் சாதியினரும் வானொலி நடத்தி வெறுப்பைப் பரப்புவார்களே என்ற அச்சம் நம் தோழர்களிடம் உண்டு. நியாயமான அச்சம்தான். ஆனால் அவர்களிடம் தொலைக்காட்சியும் யூடியூபும் வாட்சப் குழுக்களும் ஏற்கனவே இருக்கின்றன. இந்தத் தடை அவர்களை ஒருநாளும் ஊமையாக்கவில்லை. வெறுப்பைப் பேசினால் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பேசியதற்குப் பொறுப்பேற்க வைப்பது சட்டத்தின் வேலை, எல்லோரையும் முன்கூட்டியே வாய்மூட வைப்பதல்ல.

ஆனால் தடையை நீக்குவது மட்டும் போதாது. நாட்டில் உள்ள ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகளில் கணிசமானவை கல்வி நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. உரிமம் கேட்கும் அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும், மூன்றாண்டு மக்கள் பணி காட்ட வேண்டும், பிறகு பல அமைச்சகங்களின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். கூலி வேலை முடித்து மாலையில் கூடும் ஒரு சேரி இளைஞர் மன்றம் இதில் எத்தனைப் படி ஏறும்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. உள்ளூர்ச் செய்தி ஒலிபரப்பும் உரிமையைத் தனியாருக்கு முன்பாகச் சமுதாய வானொலிக்குக் கொடுக்க வேண்டும். புதிய உரிமங்களில் தலித், பழங்குடி மக்களின் அமைப்புகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். நிலையம் அமைக்கும் செலவைப் பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்ட நிதியிலிருந்து தர வேண்டும். கல்லூரி வளாக வானொலிகளின் நிகழ்ச்சிக் குழுவில் சுற்றியுள்ள சேரி மக்களுக்கு இடம் வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியில் வானொலி இருந்தால், அதில் யார் பேசுகிறார்கள், எந்தத் தெரு இதுவரை பேசவில்லை என்று நாளையே கேட்கலாம்.

தெருவில் தண்டோராவை நிறுத்திவிட்டோம். காற்றிலும் நிறுத்துவோம். அடுத்தவர் சேதியைச் சுமந்தது போதும், இனி நம் செய்தியை நாமே சொல்வோம்.